டிஸ்க் சுற்றுகிறது, படம் வரவில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கம்ப்யூட்டர்களில் டிஸ்க் டிரைவ், படம், பாட்டு தொடர்பாக வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கல்யாண விசிடி பற்றிய கேள்விக்கு முதலிடமும் கூடுதல் இடமும் கொடுத்திருக்கிறோம். டிரைவை நாளைக்கும் மாற்றலாம், அந்த டிஸ்க்கில் இருப்பதை மறுபடி எடுக்க முடியாது.

கேள்வி: 2003-ல் நடந்த எங்கள் கல்யாணத்தை மூன்று விசிடியாகக் கொடுத்தார்கள். முதலாவதும் மூன்றாவதும் ஓடுகின்றன. இரண்டாவது டிஸ்க், தாலி கட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிடுகிறது. பென் டிரைவுக்குக் காப்பி செய்தால் பாதியில் 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்று பிழை வருகிறது. அதுவரை காப்பியானதும் காணாமல் போகிறது. விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர். டிஸ்க் போனது போனதுதானா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பெரும்பகுதியை மீட்டுவிடலாம். சில விநாடிகள் மட்டும் போகக்கூடும். முதலில், ஓடுகிற இரண்டு டிஸ்க்குகளையும் இன்றே காப்பி எடுத்துவிடுங்கள். அவையும் இரண்டாவதுக்கு இருக்கும் அதே வயதுதான்.

உங்களுக்கு வந்திருக்கும் சிக்கல் விசிடிக்கே உரியது. சாதாரண டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டாரிலும் (தகவலைப் பிரித்து எழுதும் சிறு துண்டு) 2048 பைட் தகவலும், அதைப் பாதுகாக்க 276 பைட் பிழை திருத்தக் குறியீடும் இருக்கும். விசிடியில் படம் இருக்கும் செக்டார்களில் அந்தக் குறியீட்டை விட்டுவிட்டு, அந்த இடத்திலும் படத்தையே எழுதி 2324 பைட் ஆக்கிவிட்டார்கள். ஒரே சிடியில் 74 நிமிடப் படம் அடங்குவது அப்படித்தான். அதனால் கீறல் சற்றுப் பெரிதாகிவிட்டால் சரிசெய்ய உள்ளே மாற்று வழி இல்லை. வீட்டு விசிடி பிளேயர் அந்த இடத்தில் கட்டம் கட்டமாகக் காட்டிவிட்டுத் தாண்டிப் போகும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் அப்படிச் செய்யாது. ஒரு செக்டார் படிக்க முடியாவிட்டாலும் காப்பியை நிறுத்தி, அதுவரை எடுத்த கோப்பையும் அழித்துவிடும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

டிஸ்க்கைக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் போதும். பழைய பருத்தி வேட்டித் துண்டால் நடு ஓட்டையிலிருந்து வெளி ஓரத்தை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கவே கூடாது. தகவல் எழுதப்பட்ட தடம் வட்டமாகப் போகிறது. குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியை மட்டும் மறைக்கும். தடத்தோடு சேர்ந்து ஓடும் கீறலோ தொடர்ச்சியாக ஒரு நீளத்தையே மறைத்துவிடும். சிடியின் அடிப்படைப் பிழை திருத்தம் தடத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளச் சேதம் வரைதான் சமாளிக்கும்.

பிறகு லேபிள் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, டியூப்லைட்டுக்கு எதிரே டிஸ்க்கைப் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே வெள்ளிப் பூச்சு போய்விட்டது, அந்த இடத்துத் தகவல் திரும்பாது. சிடியில் தகவல் இருக்கும் படலம் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது. 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் முழுவதும் மறுபக்கம். பளபளக்கும் பக்கத்தைப் பொத்திப் பொத்தி வைத்துவிட்டு லேபிள் பக்கத்தை மேஜையில் தேய்ப்பவர்கள் உண்மையில் ஆபத்தான பக்கத்தைத்தான் தேய்க்கிறார்கள். லேபிளாக ஒட்டிய காகிதத்தை உரிக்க முயலாதீர்கள். படலமும் அதோடு வந்துவிடும்.

சேதம் எங்கே என்று தேடவும் ஒரு கணக்கு உண்டு. சிடி உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது. டிஸ்க் முழுவதும் நிரம்பியிருந்தால் படத்தின் சரிபாதி நேரம் டிஸ்க்கின் மையத்திலிருந்து சுமார் 4.5 சென்டிமீட்டர் தூரத்தில் வரும். நிற்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த வட்டத்தை உற்றுப் பாருங்கள். அங்கே தெரிவது பளபளக்கும் பக்கத்துக் கீறல் என்றால் நம்பிக்கை அதிகம்.

அடுத்து காப்பி. ரோட்கில் அன்ஸ்டாப்பபிள் காப்பியர் என்ற இலவச மென்பொருள் எக்ஸ்பியிலும் ஓடும். படிக்க முடியாத இடத்தைச் சில முறை முயன்றுவிட்டு, தாண்டி மேலே போகும். டிஸ்க்கில் 'எம்பெக்ஏவி' என்ற ஃபோல்டருக்குள் 'ஏவிசெக்01' என்று தொடங்கும் டேட் கோப்புதான் உங்கள் படம். அதை ஹார்டு டிஸ்க்குக்கு எடுங்கள், நேராகப் பென் டிரைவுக்கு வேண்டாம். ஒரு நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி என்று வைத்துக்கொண்டால், மூன்று டிஸ்க்கும் சேர்ந்து 2 ஜிபி சுற்றளவுதான் வரும். கெட்ட இடத்தில் ஒரு மணி நேரம்கூட நின்று தடவும். பொறுமையாக விட்டுவிடுங்கள். எடுத்த கோப்பு விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடும். வேறு பிளேயர் அடம்பிடித்தால் பெயரின் கடைசியில் உள்ள 'டேட்' என்பதை 'எம்பிஜி' என்று மாற்றிப் பாருங்கள். காப்பி எடுத்து வைத்துவிட்டு, டேட் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றித் தருகிறேன் என்பவரிடம் அதன் பிரதியை மட்டும் கொடுங்கள்.

அதிலும் தாலி கட்டும் இடம் வரவில்லை என்றால் டிரைவை மாற்றிப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட செக்டாரை இன்னொன்று சாதாரணமாகப் படிக்கும். வெறும் சிடி டிரைவைவிட டிவிடி ரைட்டர் பல நேரம் நன்றாகப் படிக்கும். வேகத்தைக் குறைப்பதும் பலன் தரும். நீரோ டிரைவ்ஸ்பீட் போன்ற கருவியில் 4எக்ஸ் அல்லது 8எக்ஸ் (அடிப்படை வேகத்தைப் போல் 4 அல்லது 8 மடங்கு) என்று கட்டிவிடலாம். 48எக்ஸ் வேகத்தில் அதிரும் டிஸ்க்கை விட, நிதானமாகச் சுற்றுவதை லென்ஸ் எளிதாகப் பின்தொடரும்.

பற்பசை வைத்துத் தேய்ப்பது கடைசிக்கும் கடைசி. பளபளக்கும் பக்கத்தில் மேலோட்டமான கீறலுக்கு மட்டும், ஜெல் அல்லாத வெள்ளைப் பசையை உள்ளிருந்து வெளியாக மெதுவாகத் தேய்த்துக் கழுவலாம். மேலே சொன்ன எல்லாம் முடிந்து, எடுக்க முடிந்த காப்பி கையில் இருக்கும்போது மட்டுமே இதைத் தொடுங்கள்.

கேள்வி: 2007-ல் வாங்கிய டிவிடி ரைட்டர். சிடி எதைப் போட்டாலும் படிக்கிறது. டிவிடி போட்டால் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கே இல்லை என்கிறது. லென்ஸ் கிளீனர் சிடி இரண்டு முறை போட்டாயிற்று.
- ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர், டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் லேசர். டிஸ்க்கைப் படிக்கும் ஒரே தலைக்குள் இரண்டும் தனித்தனி. ஒன்று களைத்துப்போனாலும் மற்றது வேலை செய்யும். அதனால் 'சிடி ஓடுகிறதே, டிரைவ் நன்றாகத்தானே இருக்கிறது' என்ற முடிவு தவறு. இன்னொரு காரணமும் இருக்கலாம். சிடியில் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் இடைவெளி, டிவிடியில் 0.74 மைக்ரான்தான். சிடி பொறுத்துக்கொள்ளும் தூசியை டிவிடி பொறுக்காது.

எது என்று பிரித்தறிய, கடையில் வாங்கிய அசல் பட டிவிடி ஒன்றையும், வீட்டில் எழுதிய டிவிடி ஒன்றையும் போடுங்கள். அசல் ஓடி, எழுதியது ஓடாவிட்டால் தூசியோ பலவீனமான லேசரோ காரணம். எழுதிய டிஸ்க் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டுமே ஓடாவிட்டால் லேசர் முடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

கிளீனர் சிடியில் இருப்பது ஒரு சிறு பிரஷ். எண்ணெய்ப் பசையோடு படிந்த தூசியை அது எடுக்காது. கையால் துடைக்க வேண்டும். லேப்டாப் டிரைவில் தட்டை இழுத்தாலே லென்ஸ் தெரியும். மேஜைக் கம்ப்யூட்டர் டிரைவில் மின் இணைப்பை எடுத்துவிட்டு, அடியில் உள்ள நான்கு திருகுகளைக் கழற்றித் திறக்க வேண்டும். 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் விட்டு, ஈரம் சொட்டாதபடி பிழிந்து, லென்ஸின் மேல் இரண்டு சுற்று. அவ்வளவுதான். பிறகு உலர்ந்த குச்சியால் ஒரு முறை. அந்த லென்ஸ் தலைமுடிபோன்ற மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. விரலால் அழுத்தினால் கீழே போய் மேலே வரும். அந்த அழுத்தத்துக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவர் பட்டால் பிளாஸ்டிக் லென்ஸ் மங்கிவிடும்.

தலையின் பக்கவாட்டில் குட்டித் திருகு ஒன்றைச் சிலர் திருப்பிப் 'பவர் ஏற்றுவார்கள்'. சில நாள் படிக்கும், பிறகு லேசர் எரிந்துபோகும். திறந்த டிரைவுக்கு மின்சாரம் கொடுத்து எட்டிப் பார்க்கவே பார்க்காதீர்கள். ரைட்டர் லேசர் கண்ணைப் பாதிக்கும், அதிலும் 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

துடைத்தும் படிக்காவிட்டால் வேறு டிரைவ்தான். வாங்கும் முன் பின்பக்க வயரைப் பாருங்கள். அகலமான பட்டை வயர் என்றால் ஐடிஇ, விரல் அகல வயர் என்றால் சாட்டா. ஐடிஇ டிரைவ் இப்போது பழைய பொருள் கடைகளில்தான் கிடைக்கும். அதைத் தேடி அலைவதைவிட யுஎஸ்பி டிரைவ் மேல்.

கேள்வி: பென்டியம் 4, எக்ஸ்பி. முன்பெல்லாம் டிவிடி படம் நன்றாக ஓடியது. கீறல் விழுந்த ஒரு வாடகை டிஸ்க்கைப் போட்டதிலிருந்து நல்ல டிஸ்க்கும் திக்கித் திக்கி ஓடுகிறது. படம் ஓடும்போது மவுஸ்கூட நின்று நின்று நகர்கிறது. அந்த டிஸ்க் டிரைவைக் கெடுத்துவிட்டதா?
- கடை உரிமையாளர், ஈரோடு

பதில்: டிரைவ் கெடவில்லை. கெட்டது விண்டோஸ் அதன்மேல் வைத்திருந்த நம்பிக்கை. கேள்வியில் மவுஸைப் பற்றி எழுதியது நல்லதாயிற்று, அதுதான் துப்பு.

டிரைவிலிருந்து தகவல் வர இரண்டு வழிகள் உண்டு. டிஎம்ஏ முறையில் தகவல் நேராக மெமரிக்குப் போகும், பிராசசர் தன் வேலையைப் பார்க்கும். பிஐஓ முறையில் பிராசசரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அள்ள வேண்டும். எக்ஸ்பி, டிரைவிலிருந்து டைம்-அவுட் (நேரத்துக்குப் பதில் வராதது) அல்லது சிஆர்சி பிழை (வந்த தகவல் சரிபார்ப்பில் ஒத்துப்போகாதது) ஆறு முறை சேர்ந்துவிட்டால் படிப்படியாகக் கீழிறக்கி, கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடும். பிறகு நல்ல டிஸ்க் போட்டாலும் தானாக மேலே ஏற்றாது. கீறல் டிஸ்க் ஒன்றே அந்த ஆறு பிழைகளைக் கொடுக்கப் போதும்.

மை கம்ப்யூட்டரை வலது கிளிக் செய்து, 'மேனேஜ்', அதில் 'டிவைஸ் மேனேஜர்', அதில் 'ஐடிஇ கன்ட்ரோலர்ஸ்'. 'செகண்டரி ஐடிஇ சேனல்' என்பதன் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' பாருங்கள். 'கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட்' என்ற இடத்தில் 'பிஐஓ மோட்' என்றிருந்தால் நோய் இதுதான். மேலே 'டிஎம்ஏ இஃப் அவைலபிள்' என்று ஏற்கெனவே தேர்வாகியிருக்கும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று மூடிவிடாதீர்கள். அந்தச் சேனலையே 'அன்இன்ஸ்டால்' செய்து கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் புதிதாகக் கண்டுபிடித்துப் பிழைக் கணக்கைச் சுழியத்திலிருந்து தொடங்கும். திரும்பிப் பார்த்தால் 'அல்ட்ரா டிஎம்ஏ மோட் 2' அல்லது '4' என்றிருக்க வேண்டும்.

சில நாளில் மறுபடி பிஐஓவுக்கு வந்துவிட்டால் பட்டை வயரை மாற்றுங்கள். 40 கம்பி வயர், 80 கம்பி வயர் என்று இரண்டு வகை. 80 கம்பி வயரில் கோடுகள் மிக நெருக்கமாக இருக்கும். அதை வாங்குங்கள். நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (முதல் டிரைவ்), நடுவில் உள்ள சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிரைவ்). டிரைவின் பின்னால், அது மாஸ்டரா ஸ்லேவா என்று குறிக்கும் ஜம்பர் என்ற சிறு செருகியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். இரண்டு டிரைவும் மாஸ்டர் என்று இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

கேள்வி: டிஸ்க் எழுதும் மென்பொருள் ஒன்றை நீக்கினேன். மறுநாள் மை கம்ப்யூட்டரில் டிவிடி டிரைவே இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி, கோட் 39. டிரைவ் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
- மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: மாற்ற வேண்டாம். அப்படிப்பட்ட மென்பொருள்கள் டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் தங்கள் ஆளை உட்கார வைக்கும். நீக்கும்போது ஆள் போய்விடுவார், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் அவர் பெயர் மட்டும் இருக்கும். விண்டோஸ் அவரைத் தேடி, கிடைக்காமல், டிரைவையே நிறுத்திவிடும். கோட் 19, 31, 32, 39, 41 எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே காரணம்.

'ரன்' பெட்டியில் 'ரெஜ்எடிட்' கொடுங்கள். லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்று வரிசையாக உள்ளே போனால், நீண்ட எண்களாக ஒரு பட்டியல் வரும். அதில் 4டி36இ965 என்று தொடங்குவதைத் தொடுங்கள். வலப்பக்கத்தில் 'கிளாஸ்' என்பதற்கு எதிரே 'சிடிராம்' என்று இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். இரண்டு எண் தள்ளி 4டி36இ967 என்று தொடங்குவது ஹார்டு டிஸ்க்கின் இடம். அங்கே உள்ள 'அப்பர் ஃபில்டர்ஸ்' என்பதை அழித்தால் கம்ப்யூட்டர் அடுத்த முறை எழுந்திருக்காது.

சரியான இடம்தான் என்று தெரிந்ததும், 'ஃபைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' கொடுத்து அந்தப் பகுதியின் காப்பி ஒன்றை வைத்துக்கொண்டு, 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' இரண்டையும் அழியுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அதை மட்டும். ரீஸ்டார்ட் செய்ததும் டிரைவ் வந்துவிடும். ஐடியூன்ஸ் வைத்திருந்தால் அதுவும் இங்கே ஒரு பெயரைச் சேர்த்திருக்கும். சிடி எழுதும் வசதி நின்றுபோனால் ஐடியூன்ஸை மறுபடி நிறுவினால் போதும்.

கேள்வி: டிரைவின் தட்டு திறக்க மறுக்கிறது. பட்டனை அழுத்தினால் உள்ளே 'ர்ர்' என்று சத்தம், அவ்வளவுதான். உள்ளே மகளின் அரங்கேற்ற டிஸ்க் மாட்டிக்கொண்டிருக்கிறது.
- வாசகர், கோலாலம்பூர்

பதில்: சத்தம் வருகிறது என்பதால் மோட்டார் சுற்றுகிறது, தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட் வழுக்குகிறது. டிஸ்க்கை முதலில் எடுத்துவிடலாம். கம்ப்யூட்டரை அணைத்து மின் இணைப்பைப் பிடுங்குங்கள். ஜெம் கிளிப் ஒன்றை நேராக்கி, தட்டுக்குக் கீழே உள்ள ஊசி ஓட்டைக்குள் நேராகச் செலுத்துங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டரில் ஏதோ தடுக்கும். இன்னும் சற்று அழுத்தினால் தட்டு ஒரு சென்டிமீட்டர் வெளியே எட்டிப் பார்க்கும். மீதியைக் கையால் மெதுவாக இழுங்கள்.

பெல்ட் மாற்ற டிரைவைத் திறக்க வேண்டும். முன்பக்க மூடி கொக்கிகளில் மாட்டியிருக்கும், உடைத்துவிடாதீர்கள். பழைய பெல்ட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் கொஞ்சம் இறுகி, சில வாரம் உழைக்கும். நிரந்தரத் தீர்வு புதிய பெல்ட்தான். டேப் ரிக்கார்டர் பழுது பார்ப்பவர்களிடம் பழையதைக் காட்டி, அதைவிட மிகச் சற்றே சிறியதாகச் சதுர விளிம்புள்ளதைக் கேளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு. பெல்ட்டில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்.

சத்தமே வராமல் தட்டு திறக்காதவர்களுக்கு ஒரு சோதனை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்பே பட்டனை அழுத்துங்கள். அப்போது திறந்தால், ஏதோ ஒரு மென்பொருள் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கிறது. அப்போதும் திறக்காமல், டிரைவின் விளக்கும் எரியாவிட்டால் பவர் வயரைப் பாருங்கள்.

கேள்வி: பழைய பாட்டு சிடிகளிலிருந்து பாட்டுகளைப் பென் டிரைவுக்குக் காப்பி செய்தேன். காரில் போட்டால் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரிலும் சிடியை எடுத்துவிட்டால் பாடுவதில்லை.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் காப்பி செய்தவற்றில் பாட்டே இல்லை. ஆடியோ சிடியில் கோப்பு என்று எதுவும் கிடையாது, விண்டோஸ் நமக்குக் காட்டுவதற்காகச் 'சிடிஏ' என்று ஒரு பெயரைத் தானே உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் 44 பைட். பாட்டு டிஸ்க்கில் எங்கே தொடங்குகிறது என்ற முகவரிச் சீட்டு மட்டும்தான். ஐந்து நிமிடப் பாட்டு உண்மையில் 50 எம்பிக்கு மேல் இருக்கும்.

விண்டோஸ் மீடியா பிளேயரில் 'ரிப்' செய்ய, அதாவது பாட்டைக் கோப்பாக மாற்றி எடுக்க வேண்டும். அதற்கு முன் 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'ரிப் மியூசிக்' போய் வடிவத்தை எம்பி3 என்றும், தரத்தை 192-க்குக் குறையாமலும் வையுங்கள். மாற்றாவிட்டால் டபிள்யூஎம்ஏவாக எடுக்கும், பல கார் பிளேயர்கள் அதை ஏற்காது. பழைய பதிப்புகளில் 'காப்பி ப்ரொடெக்ட் மியூசிக்' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த டபிள்யூஎம்ஏ பாட்டுகள் வேறு கம்ப்யூட்டரில் பாடாது. 'டிவைசஸ்' பக்கத்தில் உங்கள் டிரைவின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'எரர் கரெக்‌ஷன்' டிக் செய்தால் கீறல் சிடியில் 'டிக் டிக்' சத்தம் குறையும், நேரம் கூடும். இனி கிடைக்காத கச்சேரி சிடி என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு இடத்தையும் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிட்டே எடுக்கும்.

கேள்வி: லண்டனிலிருந்து அண்ணன் அனுப்பிய ஆங்கிலப் பட டிவிடியைப் போட்டதும், 'ரீஜன் மாற்றவா?' என்று கேட்கிறது. மாற்றலாமா?
- வாசகி, மதுரை

பதில்: மாற்றாதீர்கள். ரீஜன் என்பது டிவிடி எந்த நாடுகளில் ஓடலாம் என்று குறிக்கும் மண்டல எண். இந்தியா ரீஜன் 5, பிரிட்டன் ரீஜன் 2. டிரைவில் மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும், பிறகு கடைசியாக வைத்ததிலேயே பூட்டிக்கொள்ளும். விண்டோஸை அழித்துப் போட்டாலும் எண்ணிக்கை திரும்பாது, அது டிரைவுக்குள்ளேயே பதிவாகிறது. வெளிநாட்டு டிஸ்க் நிறைய இருந்தால் ஒரு யுஎஸ்பி டிரைவை ரீஜன் 2-க்கென்றே ஒதுக்குவது நல்லது. வெளிநாட்டுத் தமிழர்களுக்காக வந்த தமிழ்ப் பட டிவிடிகள் பல எல்லா ரீஜனுக்கும் பொதுவானவை, அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: விண்டோஸ் 7-லிருந்து 10-க்கு மாறினேன். டிவிடி படம் ஓடவில்லை, டேட்டா டிவிடி திறக்கிறது.
- வாசகர், சேலம்

பதில்: டிவிடி படத்துக்கு எம்பெக்-2 டிகோடர் (சுருக்கி எழுதிய படத்தை விரிக்கும் மென்பொருள்) வேண்டும். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்திலும் அதற்கு மேலும் அது இருந்தது, 10-ல் சேர்க்கவில்லை. எக்ஸ்பியிலும் இல்லை, அந்தக் காலத்தில் டிரைவோடு வந்த மென்பொருள் சிடி அந்த வேலையைச் செய்தது. விஎல்சி நிறுவுங்கள், அதில் எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

கேள்வி: பேரன் செல்போனில் எடுத்த வீடியோவை என் கம்ப்யூட்டரில் (கோர் 2 டுயோ, 2 ஜிபி ரேம்) போட்டால் குரல் சரியாக வருகிறது, படம் உறைந்து உறைந்து வருகிறது. கோடெக் பேக் போடச் சொல்கிறார்கள்.
- ஓய்வுபெற்ற வாசகர், திருச்சி

பதில்: கோடெக் பேக் (பல வடிவப் படம், பாட்டை விரிக்கும் மென்பொருள்களின் தொகுப்பு) வேண்டாம். குரல் வருவதால் கோப்பு நன்றாக இருக்கிறது, படத்தை விரிக்க உங்கள் பிராசசருக்கு நேரம் போதவில்லை. இரண்டு மூன்று பேக் போட்டால் அவை ஒன்றோடொன்று மோதி, ஓடிக்கொண்டிருந்த படமும் நின்றுபோகும்.

விஎல்சியில் வீடியோவை ஓட்டி, 'டூல்ஸ்' மெனுவில் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' பாருங்கள். 'ஹெச்இவிசி' அல்லது 'ஹெச்265' என்றிருந்தால், அது படத்தை அதிகமாகச் சுருக்கும் புதிய முறை, அந்தப் பிராசசருக்கு அது பாரம். ஹெச்264-ஆக இருந்தால், விஎல்சியின் 'ப்ரிஃபரன்சஸ்' பக்கத்தில் 'இன்புட், கோடெக்ஸ்' பகுதிக்குப் போய் 'டிபிளாக்கிங் ஃபில்டர்' தவிர்க்கும் இடத்தில் 'ஆல்' என்று வையுங்கள். படம் சற்றுக் கரகரப்பாகும், ஆனால் ஓடும். அதுவும் போதாவிட்டால் வேகமான கம்ப்யூட்டர் ஒன்றில் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'ஃபாஸ்ட் 480பி30' தேர்வில் மாற்றித் தரச் சொல்லுங்கள். இனி எடுப்பவற்றுக்குப் பேரன் கேமரா அமைப்பில் ஹெச்இவிசியை நிறுத்தலாம். ஐபோன் என்றால் 'செட்டிங்ஸ்', 'கேமரா', 'ஃபார்மட்ஸ்', அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்'.

கேள்வி: யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கினேன். புது லேப்டாப்பில் ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டரில் 'டிக்... டிக்...' என்று அடித்துவிட்டு மறைந்துபோகிறது.
- வாசகர், புதுச்சேரி

பதில்: மின்சாரம் போதவில்லை. யுஎஸ்பி 2.0 வாய் ஒன்று 500 மில்லிஆம்பியர்தான் தரும், டிஸ்க் சுற்றத் தொடங்கும் கணத்தில் டிரைவுக்கு அதற்கு மேல் வேண்டும். முன்பக்க வாயை விட்டுவிட்டு மதர்போர்டில் நேராக உள்ள பின்பக்க வாயில் செருகுங்கள். போதாவிட்டால் இரட்டைத் தலை வயர், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப். நீட்டிப்பு வயர் போடாதீர்கள்.

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாண விசிடியில் நடு ஓட்டையிலிருந்து அரை சென்டிமீட்டருக்கு ஒரு விரிசல். இது ஒன்றுதான் காப்பி. கம்ப்யூட்டரில் போடலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: கம்ப்யூட்டர் டிரைவில் போடவே கூடாது. 52எக்ஸ் டிரைவ் நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுற்றும். டிஸ்க்கின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். விரிசல் விட்ட டிஸ்க் அந்த வேகத்தில் உள்ளேயே சிதறும், சில்லு வெளியேயும் வரும்.

உங்கள் விரிசல் இன்னும் தகவல் பகுதியைத் தொடவில்லை. நடு ஓட்டையின் ஆரம் 7.5 மில்லிமீட்டர், தகவல் தொடங்குவது மையத்திலிருந்து 2.5 சென்டிமீட்டரில். அதனால் இடையில் இன்னும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறது. டிவியோடு இணைக்கும் பழைய விசிடி பிளேயர் 1எக்ஸ் வேகத்தில், நிமிடத்துக்கு 200 முதல் 500 முறைதான் சுற்றும். அப்படி ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதன் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை யுஎஸ்பி வீடியோ கேப்சர் கருவியில் செருகி, கம்ப்யூட்டரில் ரெக்கார்டிங்கைத் தொடங்கிவிட்டு, அதற்குப் பிறகு டிஸ்க்கை வைத்து ஒரே ஓட்டத்தில் எடுங்கள். வேறொரு விசிடியை வைத்து முன்கூட்டியே படமும் ஒலியும் பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது நடுக் கொக்கியை விரலால் அழுத்தித் தளர்த்தி எடுக்க வேண்டும். ஓரத்தைப் பிடித்து வளைத்து எடுத்தால் அந்த விரிசல் அங்கேயே நீளும்.